மேடைக்குப் பின்னே ஒருவர் வேண்டும்
(துடியலூரில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



துடி என்னும் தோற்கருவியின் பெயரைத் தன் பெயரின் முன்னே தாங்கி நிற்கும் ஊரில் நின்று நாடகம் பற்றிப் பேசுவது எனக்கு மகிழ்வளிக்கிறது. ஆனால், நான் நடிகரைப் புகழ வரவில்லை. நாடகம் எழுதுவோரைப் பாராட்டவும் வரவில்லை. மேடைக்குப் பின்னே நிற்கும் ஒருவரை உங்களிடம் கேட்டுப் பெற வந்திருக்கிறேன்.

நம்மிடம் நடிக்க ஆளுண்டு. வள்ளி கும்மியும் ஒயிற்கும்மியும் ஆடுவோர் கொங்கு நாட்டில் ஊர்தோறும் இருக்கிறார்கள். அண்ணன்மார் கதையை இரவிரவாக உடுக்கடித்துப் பாடுவோர் இன்றும் உள்ளனர். உடுமலையை அடுத்த பூளவாடியில் 1899இல் பிறந்த நாராயணகவி, நாடக மேடையில் பயின்ற பின்னரே திரைப்பாட்டுக்குச் சென்றார். ஆகவே, கலைக்கு இங்கே வறட்சியில்லை. பின் ஏன் ஒரு நல்ல தமிழ் நாடகம் இரண்டு மேடை கண்டதும் மூன்றாம் மேடை காணாமல் மடிகிறது? அதனை ஊரூராகக் கொண்டு செல்லும் பொறுப்பாளர் இல்லாமையே கரணியம்.

நாடகத்தின் வரலாற்றைப் பாருங்கள். தவத்திரு சங்கரதாசு அடிகள் 1918இல் மதுரையில் சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கினார். பாட்டும் உரையாடலும் அவர் தந்தார். ஆனால், சிறுவர்க்குச் சோறும் உறைவிடமும் தந்து, கொட்டகை பிடித்து, வண்டி அமர்த்தி, அடுத்த ஊரை உறுதிசெய்தவர்கள் வேறு. அக்குழுவில் வளர்ந்த டி.கே.எசு. உடன்பிறந்தார் 1925இல் தமக்கெனத் தனிக் குழு கண்டனர். ஔவையாராக நடித்த சண்முகத்தை நாடறியும். மூத்தவர் சங்கரன் குழுவின் ஆளுகையைச் சுமந்ததை எத்தனை பேர் அறிவர்? தம்பி மேடையில் நிற்க, அண்ணன் கணக்கேட்டின்முன் அமர்ந்தார். இரண்டும் சேர்ந்ததால் குழு நின்றது.

அவ்வுடன்பிறந்தாரின் முயற்சியால் 1944இல் நம் ஈரோட்டில் நாடகக் கலை மாநாடு கூடியது. நாடகம் தமிழர் வாழ்வைத் திருத்தும் கருவியா, வெறும் பொழுதுபோக்கா என்னும் கேள்வி அன்று எழுந்தது. பாவேந்தரின் 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' 1934இலேயே மேடையேறி அதற்கு விடை கூறியிருந்தது. ஆயினும், கருவி கூர்மையாக இருந்தால் மட்டும் போதுமா? அதைப் பிடிக்கும் கை வேண்டாவா?

கோவைக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. சாமிக்கண்ணு வின்சென்டு 1905இல் ஒரு படக்காட்டுப் பொறியை வாங்கிக் கூடாரத்தோடு ஊரூராக அலைந்தார். 1914இல் கோவையில் நிலையான அரங்கு கட்டினார். அவர் நடிகரல்லர், பாடகருமல்லர். மக்களையும் காட்சியையும் ஓரிடத்தில் சேர்த்துவைக்கத் தெரிந்தவர். திரைப்படத்துக்கு அத்தகையோர் கிடைத்தனர். நாடகத்துக்குக் கிடைத்தோர் குறைந்தனர். நடிகர்கள் படப்பிடிப்பு நிலையங்களை நோக்கி நடந்தனர்.

எனவே, நம் நாடகக் குழு ஒரு திட்டம் வகுத்துள்ளது. கல்வி முடித்து ஓரிரண்டு ஆண்டுப் பட்டறிவு மட்டுமே உடைய ஓர் இளைஞரையோ இளம்பெண்ணையோ தேர்ந்து, இரண்டாண்டுக்கு நல்கை தந்து, நாடகப் பொறுப்பாளராகப் பயிற்றுவது என்பதே அது. முதல் ஆறு திங்கள் அவர் கற்பார்: விளக்கு, ஒலி, உடை, வண்டி வாடகை, நுழைவுச் சீட்டு, வரவு செலவு. அடுத்த ஓராண்டு மூத்தோர் துணையோடு குழுவை ஊர்களுக்கு அழைத்துச் செல்வார். இறுதி ஆறு திங்களில் ஒரு நாடகத்தை முதற்காசு திரட்டுவது முதல் இறுதிக் கணக்கு ஒப்படைப்பது வரை தாமே நடத்துவார்.

அவர் சட்டமும் அறிந்திருக்க வேண்டும். வெள்ளையன் 1876இல் நாடகத்தை அடக்க இயற்றிய சட்டம் 2018இல்தான் நீக்கப்பட்டது. தமிழ்நாட்டின் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதன்மைப் பிரிவுகளை, நாடகர் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2013இல் செல்லாதெனத் தீர்த்தது. ஒலிபெருக்கிக்கு இசைவு பெறுவது வேறு. நாடக எழுத்தை முன்கூட்டியே அதிகாரியிடம் காட்டித் தலைவணங்குவது வேறு. இந்த வேறுபாடு அறியாத குழு, கேட்காத கையிலும் தன் உரிமையைக் கொடுத்துவிடும்.

"இயக்கத் தொண்டுக்கு ஊதியமா?" எனப் பெரியோர் சிலர் கேட்கின்றனர். அவர்களின் ஈகத்தை நான் வணங்குகிறேன். ஆனால், ஊதியமின்றி இரண்டாண்டு உழைக்க யாரால் இயலும்? தந்தையின் சொத்து உள்ளவனால் இயலும். விசைத்தறிக் கூடத்திலும் வார்ப்படப் பட்டறையிலும் உழைப்பவரின் மகளால் இயலுமா? ஊதியம் இல்லையென்றால், வாயில் திறந்திருப்பதுபோல் தோன்றும். உள்ளே வருவோர் ஒரே வகையினராகவே இருப்பர். உழைப்பைச் சுரண்டாதே என்று மேடையில் முழங்கிவிட்டு, மேடைக்குப் பின்னே ஒருவரின் உழைப்பை விலையின்றி வாங்குவது நமக்கு அழகன்று.

பொருளுக்கு எங்கே போவது? 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை, பின்னர் போர்டு அறக்கட்டளையின் உதவியோடு நடிகர்களை முழுநேரமாகப் பேணியது. அதன் பணியை மதிக்கிறேன். ஆனால், அயலார் கொடை அயலார் விருப்பம்வரைதான் நீளும். நாம் நம் காலில் நிற்போம். நூறு குடும்பங்கள் திங்கள்தோறும் இருநூறு உருபா தந்தால் இருபதாயிரம் ஆகும். ஒரு பொறுப்பாளரின் ஊதியத்துக்கு அது அடித்தளம். வேளாண் மக்கள் கூடிக் கூட்டுறவு வளர்த்த ஊர் துடியலூர்; இந்தக் கணக்கு உங்களுக்குப் புதிதன்று.

தேர்வு எப்படி? சான்றிதழைக் காட்டிலும் செயலையே பார்ப்போம். வேண்டுகை விடுப்போரில் சிலர்க்குச் சிறு தொகை தந்து, ஒரு தெருவில் ஒரு மணிநேர நாடகம் நிகழச் செய்யச் சொல்வோம். எத்தனை பேர் வந்தனர் என்பதோடு, யாரை அழைத்தார்கள், எவரை விட்டுவிட்டார்கள், எஞ்சிய காசு எங்கே என்பவற்றையும் கேட்போம். அவ்வேலைக்கும் கூலி உண்டு. சாதி கேளோம். பெண்ணாயின், இரவு நாடகம் முடிந்து வீடு சேரும் ஏற்பாடு குழுவின் கடமை. அவர் வேண்டிப் பெறும் சலுகையன்று.

ஒன்று மட்டும் வேண்டுவோம்: இயக்குநரிடம் "இதற்குக் காசில்லை" என்று சொல்லும் துணிவும், "வேறு வழி கண்டுபிடிப்போம்" என்று அடுத்த மூச்சிலேயே சொல்லும் அன்பும்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகளில் கணக்கில் நேர்மையும் மக்களிடம் இன்சொல்லும் உடைய ஒருவரை எங்களிடம் தாருங்கள். அவர் பெயர் சுவரொட்டியில் பெரிய எழுத்தில் வாராது. ஆனால், குறித்த மணிக்குத் திரை உயரும். உழைத்தவர் கையில் அன்றிரவே கூலி சேரும். அடுத்த ஊரில் நம் நாடகத்துக்கு மக்கள் காத்திருப்பர். தமிழ் மேடை நிலைப்பது அவராலேயே.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் கலை!