மொட்டை மாடி ஆன்டெனா: கணினி சொல்வதும் சொல்லாததும்

(நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மொட்டை மாடியில் கட்டியிருக்கும் கம்பி எதற்கு என்று பலரும் கேட்டீர்கள். அது என் அமெச்சூர் வானொலி நிலையத்தின் ஆன்டெனா. "கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டீர்களா?" என்று செயலாளர் கேட்டார். பார்த்தேன். ஆனால் அந்தக் கணக்கை எதுவரை நம்பலாம் என்பது உங்களுக்கும் தெரிய வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகளோடு நின்றுபோனது. பல ஊர்களில் செல்போன் வேலை செய்யவில்லை. 2004 சுனாமியில் போர்ட் பிளேயரிலிருந்து செய்திகள் வெளியே வர உதவியது பாரதி பிரசாத்தின் அமெச்சூர் வானொலி. சிற்றாற்றங்கரையில் இருக்கும் நமக்கும் அப்படி ஒரு நாள் வரலாம். அன்று இந்தக் கம்பி வேலை செய்ய வேண்டும்.

ஆன்டெனா மென்பொருள்கள் பலவற்றுக்கும் அடிப்படை, அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் 1981-இல் வெளியிட்ட 'நெக்-2'. அது கம்பியைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஓடும் மின்னோட்டத்தைக் கணக்கிடும். கம்பியைப் பொறுத்தவரை கணக்கு நன்றாகவே இருக்கும். சிக்கல் சுற்றுப்புறத்தில்தான்.

கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று மென்பொருள் கேட்கிறது. தரையிலிருந்து 12 மீட்டர். மாடித் தளத்திலிருந்து 3 மீட்டர்தான். தளத்துக்குள் இரும்புக் கம்பிகள் பின்னிக் கிடக்கின்றன. எந்த உயரத்தைக் கொடுப்பது? இரண்டுக்கும் விடை வேறு. பக்கத்தில் இருக்கும் இரும்புக் குழாயும் கேபிள் வயரும் நாம் வரைந்து கொடுக்காவிட்டால் அதற்குத் தெரியாது.

20 மீட்டர் கம்பி 7.1 மெகாஹெர்ட்ஸுக்குச் சரியாக இருக்கும் என்றது கணினி. மீட்டர் வைத்துப் பார்த்தால் 6.9. கம்பியின் பிளாஸ்டிக் உறையை நான் கணக்கில் சேர்க்கவில்லை. தளத்து இரும்பையும் சேர்க்கவில்லை. இரு முனையிலும் 30 சென்டிமீட்டர் நறுக்கிய பிறகே சரியானது.

இரண்டு வடிவங்களில் எது மேல் என்று ஒப்பிட மென்பொருள் நல்ல துணை. நம் வீட்டு இன்வெர்ட்டரும் எல்இடி விளக்கும் எழுப்பும் இரைச்சலையோ, உங்கள் டிவியில் கோடு விழுமா என்பதையோ அது சொல்லாது. மின்னல் பாதுகாப்புக்கான எர்த்தையும் நாம்தான் சரியாகப் போட வேண்டும்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாதத்தின் முதல் ஞாயிறு காலை, பேட்டரியில் மட்டும் நிலையத்தை இயக்கி நெல்லை, தூத்துக்குடி நண்பர்களோடு பேசிப் பார்க்கப் போகிறேன். அப்போது உங்கள் டிவியோ ஸ்பீக்கரோ இரைந்தால், நேரத்தைக் குறித்துச் சொல்லுங்கள். உடனே நிறுத்திச் சரி செய்கிறேன். வெள்ளம் வந்த பிறகு சோதித்துப் பார்க்க நேரம் இருக்காது.