மடம் இருந்த ஊர்



மருதனார்மடம். ஊரின் பெயரிலேயே ஒரு மடம் இருக்கிறது. நடந்து களைத்து வந்த வழிப்போக்கருக்கு ஊர் பேர் விசாரிக்காமல் திண்ணையும் தண்ணீரும் கொடுத்தவை எங்கள் தெருவோர மடங்கள்.

2024 டிசெம்பரில், மியன்மாரின் ரோஹிங்யா அகதிகள் நூற்றுக்கு மேற்பட்டோரோடு ஒரு படகு முள்ளிவாய்க்கால் கரைப்பக்கம் வந்தது. அந்த நாட்களில் மருதனார்மடம் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றேன்.

"எங்களுக்கே வழியில்லை, இவையளுக்கு வேறையோ?" என்றார் ஒரு தம்பி.

கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்த ஆச்சி தராசைக் கீழே வைத்தார். "தம்பி, தொண்ணூற்றைஞ்சில நாங்கள் சாவகச்சேரிக்குப் போகேக்கை அந்தச் சனமும் இப்பிடிக் கேட்டிருந்தா?"

1995 ஒக்டோபர் 30. போர் நெருங்க, வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் மூட்டை முடிச்சோடு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. தென்மராட்சியில் எத்தனையோ வீடுகள் கதவைத் திறந்தன. அந்தத் தம்பி அப்போது பிறந்திருக்க மாட்டார்.

அவரைக் கல்நெஞ்சர் என்று நான் சொல்லமாட்டேன். வேலையில்லை, வலிவடக்கில் இராணுவம் பிடித்த காணிகள் இன்னும் முழுதாக விடுபடவில்லை. தன் வயிறு காயும்போது பிறத்தியார் பசி போட்டியாகத் தெரியும். அந்தப் பயத்தின் மேல் யாராவது ஒரு சொல்லைப் போட்டால் போதும், பற்றிக்கொள்ளும். 2017இல் கல்கிசையில், ஐ.நா. பராமரிப்பில் இருந்த ரோஹிங்யா மக்களைப் "பயங்கரவாதிகள்" என்று கூவி ஒரு கும்பல் வீட்டைச் சூழ்ந்தது. உள்ளே குழந்தைகளும் இருந்தார்கள். முள்ளிவாய்க்கால் மீனவருக்கோ அந்தச் சொல் வந்து சேரமுன் முகங்கள் தெரிந்துவிட்டன. சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தார்கள்.

எங்கள் கதையும் இதுதான். 1986 ஓகஸ்டில், கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரைக் கஸ் டோல்டன் என்ற மீனவர் கண்டு காப்பாற்றினார். இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொன்ன அவர்கள் உண்மையில் மேற்கு ஜேர்மனியிலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்ததும் அங்கே பலருடைய இரக்கம் கசந்தது. படகில் வந்தவர்கள் அதே ஆட்கள்தான்; அவர்களைப் பற்றிய பேச்சு மாறிவிட்டது.

அவுஸ்திரேலியாவின் பிலோயெலாவில் வேறு விதமாக நடந்தது. 2018இல் ஒரு தமிழ்க் குடும்பத்தை அரசாங்கம் பிடித்துக்கொண்டு போனபோது, "அவர்கள் எங்கள் ஊர்க்காரர்" என்று அந்தச் சிற்றூர் எழுந்து நின்றது. அயலில் பழகிய சனம் நான்கு வருடம் ஓயவில்லை. 2022இல் குடும்பம் வீடு திரும்பியது.

நேயர்களே, முகத்தை முதலில் கண்டவர் இரங்குகிறார். சொல்லை முதலில் கேட்டவர் அஞ்சுகிறார். அடுத்த படகு வரும்போது, "எத்தனை பேராம்?" என்று கேட்கமுன், "கடைசியாக எப்ப சாப்பிட்டவையாம்?" என்று கேட்போம். மடம் கட்டியவர்கள் கேட்ட கேள்வி அதுதான்.