பெண்ணும் சைக்கிளும்



பெண்மக்களுக்குப் படிப்பு வேண்டுமென்பதை இப்பொழுது அநேகமாக யாரும் மறுப்பதில்லை. ஆனால் படித்த பெண் பக்கத்து ஊருக்குப் போவதற்கு அண்ணனையோ தம்பியையோ எதிர்பார்த்து வாசலில் நிற்பாளேயானால் அப்படிப்பினால் என்ன பிரயோஜனம் என்றுதான் நாம் கேட்கின்றோம்.

புதுக்கோட்டை ஜில்லாவில் 1991ல் ஆரம்பித்த அறிவொளி இயக்கத்தார் எழுத்தோடு நில்லாமல் சைக்கிள் விடவும் சொல்லிக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதவர்கள் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன்கம்பியில் பிள்ளை, பின்னால் தண்ணீர்க் குடம்! கேலி செய்த ஆண்களும் உண்டு. அந்தக் குடத்தைத் தாங்கள் சுமக்க வந்தார்களா என்றால், அதுதான் கிடையாது.

ஆனால் ஏறி விடுவது பாதி வேலைதான். நடுவழியில் பஞ்சரானால்? ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருமிடம் கண்டு, துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, சற்று உலர்ந்தபின் ஒட்டுப் போட வேண்டும். இதற்குக் கடைக்காரன் தயவு எதற்கு? நமது சங்கத்தில் ஒரு பம்பும் சில சாமான்களும் வாங்கி வைப்போம். ஞாயிறுதோறும் பெண்பிள்ளைகளே கழற்றி மாட்டட்டும்.

ஆண்பிள்ளைகளுக்கு? பக்கத்திலேயே அடுப்பு மூட்டிச் சோறு வடிக்கக் கற்றுக் கொடுப்போம். இங்கு வந்திருக்கும் தகப்பன்மார்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? கை தூக்குங்கள், பார்ப்போம்.