குரியனுக்கு வழிவிட்டவர்



அமுலை வளர்த்த வர்கீஸ் குரியன் உங்கள் கோபி நகர வைரவிழாப் பள்ளியில் படித்தவர். அவர் பெருமையை உங்களிடமே வந்து சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. நான் பேச வந்தது அவருக்குத் தலைவராக இருந்தவரைப் பற்றி. திரிபுவன்தாஸ் படேல். கேள்விப்பட்டவர்கள் கை தூக்குங்கள், பார்ப்போம். அமுல் வெண்ணெய் எல்லாருக்கும் தெரியும். அமுலின் முதல் தலைவரைத் தெரியாது! அதுதான் அந்த மனிதர்.

குஜராத்தின் கேடா மாவட்டம். விடுதலைப் போரில் சிறை சென்றவர். ஊர் ஊராக நடந்து, பால் ஊற்றும் விவசாயிகளைத் திரட்டி, 1946-இல் பால் கூட்டுறவுச் சங்கம் கண்டார்; அதுதான் அமுல். 1949-இல் அரசுப் பால்பண்ணை வேலைக்கு ஆனந்த் வந்த குரியனுக்கு அந்த ஊரே பிடிக்கவில்லை. மூட்டை கட்டிவிட்டார். “கொஞ்ச நாள் இருந்து எங்கள் இயந்திரங்களைச் சரிசெய்து கொடுங்கள்” என்று கேட்டு நிறுத்தியவர் திரிபுவன்தாஸ்.

யோசித்துப் பாருங்கள். வந்தவர் மலையாளி, கிறிஸ்தவர், வயதில் 18 ஆண்டு இளையவர், நாக்கில் முள் வைத்துப் பேசுகிறவர். நாமாக இருந்தால் இரண்டாம் நாளே மெமோ கொடுத்திருப்போம்! திரிபுவன்தாஸ் அவர் கையில் ஆலையைக் கொடுத்தார். விவசாயிகளின் நம்பிக்கையைக் காப்பதும் அரசியல் தொல்லையைத் தடுப்பதும் தன் வேலை என்று வைத்துக்கொண்டார். எருமைப் பாலில் பவுடர் வராது என்றார்கள் நிபுணர்கள். குரியனின் நண்பர் தலாயா செய்து காட்டினார். 1955-இல் நேருவே வந்து பவுடர் ஆலையைத் திறந்தார்.

1963-இல் மகசேசே விருது திரிபுவன்தாசுக்கும் குரியனுக்கும் சேர்ந்தே வந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் யாரும் கேட்காமலே திரிபுவன்தாஸ் தலைவர் பதவியை விட்டார். உறுப்பினர்கள் அன்போடு கொடுத்த பணமுடிப்பையும் கிராமத்துத் தாய் சேய் நலத்துக்கென்று ஓர் அறக்கட்டளையாக்கிவிட்டார்.

நம் அலுவலகங்களில் பணிவுக்குப் பஞ்சமில்லை. மேலதிகாரி வந்தால் முதுகு வளைகிறது. கடைநிலை ஊழியர் வந்தால் நிமிர்ந்துகொள்கிறது. அதைப் பணிவு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். திரிபுவன்தாஸ் தனக்குக் கீழே இருந்தவரிடம் பணிவாக இருந்தார்.

இங்கே சங்கத் தலைவர்கள், மேலாளர்கள் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். உங்களைவிடக் கெட்டிக்காரர் ஒருவர் உங்கள் அலுவலகத்தில் கட்டாயம் இருப்பார். நாளைக் காலை அவரை அழைத்து, “உங்கள் வேலைக்கு என்ன தடை? அதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லுங்கள்.