பாட்டுக்குப் பட்டா யார் பெயரில்?

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதரின் நினைவுக் கூட்டத்தில் பாட்டுக் கம்பெனிகளைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பண்டிதரிடமிருந்தே தொடங்குகிறேன். தன் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர், திருக்குறள் ஏட்டை அவர் மூலமாக எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார் என்று பண்டிதர் பதிவு செய்திருக்கிறார். குறள் அச்சேறிய வரலாற்றில் எல்லிஸின் பெயர் நிலைத்தது. ஏட்டைப் பாதுகாத்துக் கொடுத்த கந்தப்பனின் பெயர், பேரன் எழுதி வைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது. அந்தப் பேரன் 1907இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்று சொந்தமாகப் பத்திரிகை தொடங்கினார். ஏட்டைக் கொடுத்துவிட்டுப் பெயரை இழந்த குடும்பம், மூன்றாம் தலைமுறையில் பத்திரிகைக்கே உரிமையாளர் ஆனது. நான் இன்று பேசப்போவதும் இந்த நகர்வைப் பற்றித்தான். ஏட்டுக்குப் பதிலாகப் பாட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் வாங்கிவிட்ட ஒரு இசைக்கலைஞருக்கு இன்றைக்கும் ஒரு லேபிள், அதாவது பாட்டை வெளியிடும் கம்பெனி, தேவையா? ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. இசைத்தட்டு அச்சடிக்கத் தொழிற்சாலை வேண்டும். கிராமபோன் கம்பெனியின் தொழிற்சாலை கல்கத்தாவில் இருந்தது. ஸ்டுடியோ அவர்களுடையது, கடைகளுக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் அவர்கள், யாரைப் பாட அழைப்பது என்று முடிவு செய்கிறவர்களும் அவர்கள். கேசட் வந்தபோது அந்தக் கதவு கொஞ்சம் திறந்தது. இப்போது ஒரு லேப்டாப், ஒரு மைக், ஒரு இணைய இணைப்பு இருந்தால் பட்டாபிராமில் ஓர் அறையில் பதிவு செய்த பாட்டு அன்று இரவே டொராண்டோவில் கேட்கிறது. அப்படியானால் லேபிள் எதற்கு?

இதை வெறும் தொழில்நுட்பக் கேள்வியாகப் பார்த்தால் பதில் சுலபம்: தேவையில்லை. ஆனால் நம் கண் முன்னால் நடந்த ஒரு கதை அவ்வளவு சுலபமாக முடியவில்லை.

அறிவு அரக்கோணத்துப் பிள்ளை. நாம் தினமும் ஏறி இறங்குகிற அதே ரயில் தடத்தின் மறுமுனை அது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் முறையாக மேடை ஏறியது. நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பண்டிதர் முன்வைத்த 'சாதி பேதமற்ற தமிழர்' என்ற அடையாளத்திலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது. அறிவு அந்த மேடையிலிருந்து வந்தவர். 2019இல் ஓஃப்ரோவோடு சேர்ந்து 'தெருக்குரல்' வெளியிட்டார். பெரிய கம்பெனியின் பலம் இல்லாமலே அந்தப் பாட்டுகள் போராட்டக் களங்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. அறிவும் தீயும் பாடினார்கள். சந்தோஷ் நாராயணன் இசை. வெளியிட்டது 'மாஜா' என்ற புதிய நிறுவனம். ஏ.ஆர்.ரஹ்மானின் ஆதரவோடு, சுயாதீனக் கலைஞர்களுக்காகவே தொடங்கப்பட்டதாக அது சொல்லப்பட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் நினைவுதான் அந்தப் பாட்டின் மூலப்பொருள். நிலமற்ற கூலிகளின் வரலாறு கோடிக்கணக்கானவர்களின் காதுக்குப் போயிற்று.

அதன் பிறகு நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா.இரஞ்சித் பொதுவெளியில் கேள்வி எழுப்பினார். பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தது. அறிவு மேடையில் இல்லை. தான் எழுதி, இசையமைத்து, பாடிய பாட்டு என்று அவர் எழுதினார். மூவரின் கூட்டு உழைப்பு என்று சந்தோஷ் நாராயணனும் தீயும் விளக்கம் கொடுத்தார்கள். நாம் இரண்டு முகாமாகப் பிரிந்து முகநூலில் சண்டை போட்டோம்.

2024 மார்ச்சில், பாட்டு வந்து மூன்று ஆண்டு கழித்து, சந்தோஷ் நாராயணன் ஒரு காணொளி வெளியிட்டார். தனக்கோ, அறிவுக்கோ, தீக்கோ அந்தப் பாட்டிலிருந்து வருமானம் வரவில்லை என்றார். நிறுவனம் தன் மீதான குற்றச்சாட்டை மறுத்தது. யார் கணக்கு சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பாட்டு யாருடையது என்று மூன்று கலைஞர்களைச் சுற்றி நாடே விவாதித்துக்கொண்டிருந்தபோது, கணக்குப் புத்தகம் அந்த மூன்று பேர் கையிலும் இல்லை.

இங்கே அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஜாப் ஒர்க் தெரியும். பெரிய கம்பெனி டிராயிங் கொடுக்கும், மெட்டீரியல் கொடுக்கும். சின்னப் பட்டறை கடைந்து கொடுக்கும், லேபர் சார்ஜ் வாங்கிக்கொள்ளும். உருப்படி கம்பெனியுடையது. டிராயிங்கும் இரும்பும் அவர்களுடையது என்பதால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. பாட்டில் டிராயிங் யாருடையது? பாட்டியின் ஒப்பாரி யாருடைய மெட்டீரியல்? இன்றைக்கு லேத் மெஷின்கூட, அதாவது பதிவுக் கருவிகூட, கலைஞனின் அறையிலேயே இருக்கிறது. எல்லாம் நம்முடையதாக இருந்தும் பில் மட்டும் ஜாப் ஒர்க் என்றே போடப்படுகிறது.

இது சின்னக் கலைஞர்களின் பிரச்சினை, பெரிய ஆளானால் தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். தமிழில் இளையராஜாவைவிடப் பெரிய பெயர் எது? அண்ணன் பாவலர் வரதராஜனோடு பொதுவுடைமை மேடைகளில் ஊர் ஊராகப் பாடியவர். தன்னை எந்த அடையாளத்துக்குள்ளும் அடைக்க அவர் விரும்பியதில்லை, அது அவர் உரிமை. ஆனால் அவருடைய வழக்குகளை நாம் பாடமாகப் படிக்க வேண்டும். எக்கோ உள்ளிட்ட நிறுவனங்களுக்கு எதிரான வழக்கில் 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருடைய தார்மீக உரிமையை ஏற்றுக்கொண்டது. அதோடு முடியவில்லை, மேல்முறையீடுகள் வந்தன. 536 படைப்புகளின் மீது உரிமை கோரி சோனி நிறுவனம் மும்பையில் வழக்குத் தொடுத்தது. வழக்கை சென்னைக்கு மாற்றக் கேட்ட மனுவை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. எண்பது வயதைத் தொட்ட ஒரு மேதை, இளமையில் போட்ட மெட்டுகளுக்காக இன்னும் நீதிமன்றத்தில் நிற்கிறார்.

உலகம் முழுக்க இதே கதைதான். கறுப்பினக் கலைஞர் பிரின்ஸ், வார்னர் நிறுவனத்தோடு மோதியபோது தன் கன்னத்தில் 'அடிமை' என்று எழுதிக்கொண்டு மேடை ஏறினார். தன் பழைய ஒலிப்பதிவுகளின் உரிமை 2014இல்தான் அவருக்குத் திரும்பியது. இரண்டு ஆண்டில் இறந்துபோனார். டெய்லர் ஸ்விஃப்ட் தன் பழைய ஆல்பங்களை மறுபடி பாடிப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. 2025இல் மூலப்பதிவுகளையே விலை கொடுத்து வாங்கினார். அவரிடம் பணம் இருந்தது, வாங்கினார். நம்மிடம் எது இருக்கிறது?

சட்டம் இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் ஒரு பெரிய திருத்தம் வந்தது. பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும், ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. கொடுத்தால் அந்த ஒப்பந்தம் செல்லாது. வாரிசுக்கோ, வசூலிக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும் கொடுக்கலாம். பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் நிகழ்த்துநர் உரிமை ஐம்பது ஆண்டுகளுக்கு உண்டு.

இந்தப் பிரிவைப் படித்தபோது எனக்குப் பஞ்சமி நிலம்தான் நினைவுக்கு வந்தது. நாம் உட்கார்ந்திருக்கிற இந்த மண் ஒரு காலத்தில் செங்கல்பட்டு மாவட்டம். அந்த மாவட்டத்தில் கலெக்டராக இருந்த திரமென்ஹீரின் அறிக்கைக்குப் பிறகுதான் 1892இல் நமக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. பிறருக்கு விற்க முடியாது என்ற நிபந்தனை அதிலும் இருந்தது. நிலம் தங்கியதா? கடனுக்கும் கைநாட்டுக்கும் மிரட்டலுக்கும் போயிற்று. அதை மீட்கக் கேட்டதற்காக 1994இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள். பறிக்க முடியாத நிலம் என்று சட்டத்தில் இருந்தால் போதாது, காவல் காக்க ஓர் அமைப்பு வேண்டும் என்பதுதான் பஞ்சமி நிலம் நமக்குச் சொன்ன பாடம். ராயல்டிக்கும் அதே பாடம்தான்.

ஆகவே கேள்விக்கு என் பதில் இது. பெயர் பெற்ற கலைஞருக்கு லேபிள் என்ற முதலாளி தேவையில்லை. ஆனால் லேபிள் செய்கிற வேலைகள் தேவை. முன்பணம் புரட்ட வேண்டும், பதிவு செய்ய வேண்டும், பல தேசங்களிலிருந்து வரும் சில்லறையை வசூலிக்க வேண்டும், வழக்கு வந்தால் வக்கீல் வைக்க வேண்டும். இந்த வேலைகளை யார் செய்வது என்று யோசிக்காமல் லேபிளை விட்டு வெளியே வந்தால், அதே உரிமையை யூடியூப் சேனல் நடத்துகிறவரிடம் கொடுப்போம். ஆள் மாறுவார், பட்டா மாறாது.

இந்தப் பகுதியில் கானா பாடும் தம்பிகள் பலர் என்னிடம் சொன்ன கதை ஒரே மாதிரி இருக்கிறது. ஒரு சேனல்காரர் வருவார், கையில் சில ஆயிரம் கொடுப்பார், கேமரா வைத்து எடுப்பார், ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார். தாளின் நகல் தம்பியிடம் இருக்காது. பாட்டு லட்சம் பேருக்குப் போகும். தம்பி அடுத்த சாவுக்கோ கல்யாணத்துக்கோ கூலிக்குப் பாடப் போவார். இவர்களுக்கு நாம் செய்யக்கூடியவை பெரிய விஷயங்கள் இல்லை. சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, கிரயம் வேறு, குத்தகை வேறு. உரிமையை முழுதாக மாற்றிக் கொடுப்பது கிரயம். குறிப்பிட்ட காலத்துக்கு வெளியிட அனுமதி கொடுப்பது குத்தகை. குத்தகைக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். 'உலகம் முழுவதும், காலவரையின்றி' என்ற வரி இருந்தால் பேனாவை மூடிவிடுங்கள். உரிமை மாற்றப் பத்திரத்தில் காலம் எழுதப்படவில்லை என்றால் சட்டப்படி ஐந்து ஆண்டுதான். இடம் எழுதப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான். வாய்ப்பேச்சில் உரிமை மாறாது, எழுத்தும் கையெழுத்தும் வேண்டும்.

இரண்டாவது, எழுதுகிறவர்களும் இசையமைக்கிறவர்களும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினராகுங்கள். பாடுகிறவர்களுக்குத் தனிச் சங்கம் உண்டு. மாணவர்களே, படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். அதை நிரப்பிக் கொடுப்பதும் ஓர் இயக்க வேலைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் படிப்பகங்களில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

மூன்றாவது நமக்குள் பேச வேண்டியது. காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் மேடையில் 19 பேர் இருந்தார்கள். நமக்கு எத்தனை பெயர் தெரியும்? லேபிளை உதறிவிட்டு வருகிற நம் கலைஞர், தன் பின்னால் பறை அடிக்கிறவருக்கும் கோரஸ் பாடும் பெண்ணுக்கும் என்ன எழுதிக் கொடுக்கிறார்? அன்றைய கூலியோடு அனுப்பிவிட்டால் அவரும் ஒரு லேபிள்தான். பெயர்ப் பட்டியலில் ஒவ்வொருவர் பெயரும், பங்குப் பட்டியலில் ஒவ்வொருவர் பங்கும் எழுதப்பட வேண்டும். அது தயவு இல்லை, சட்டம் கொடுத்த உரிமை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 நவம்பரில் இசைவாணி மீது, பழைய பாட்டு ஒன்றுக்காக, மிரட்டலும் ஆபாச வசையும் கட்டவிழ்த்துவிடப்பட்டன. அவருக்காகக் குரல் கொடுத்தது நீலம் பண்பாட்டு மையமும் இயக்கத் தோழர்களும்தான். நம் கலைஞர்களின் ஆபத்து பணம் பறிபோவது மட்டுமில்லை. நம் பாட்டு யாரையாவது சுடும், சுடும்போது அவர்கள் திருப்பித் தாக்குவார்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கிற ஒன்றுதான் நமக்கு உண்மையான லேபிள்.

பண்டிதரின் பத்திரிகை ஒரு பைசாவுக்கு விற்றது. அதை வாங்கியவர்களில் கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் உழைத்த தொழிலாளிகளும் இருந்தார்கள். அவருக்குப் பின்னால் அவர் எழுத்துகளை நூல்களாக அச்சிட்டுக் காப்பாற்றியதும் அந்தத் தங்கவயல் மக்கள்தான். பெரிய முதலாளி யாரும் தேவைப்படவில்லை. இன்று நம்மிடம் அவர்களைவிட அதிகப் பணமும் படிப்பும் இருக்கின்றன. இந்தக் கூட்டம் முடிந்ததும் பின்வரிசையில் ஒரு நோட்டு வைத்திருப்போம். பாடுகிறவர்கள், எழுதுகிறவர்கள், வாசிக்கிறவர்கள் தங்கள் பெயரையும் இதுவரை கையெழுத்துப் போட்ட ஒப்பந்தங்களையும் அதில் எழுதிவிட்டுப் போங்கள். வேலையை அங்கிருந்து தொடங்குவோம்.