தாழிக்குள் சேவல், ஓட்டில் முதலை



துறைமுகம், உப்பளம், முத்து என்று நம்ம ஊர்ப் பெருமை கடலோடு நின்றுவிடுகிறது. கொஞ்சம் தாமிரபரணிக் கரைக்கு வாங்க. நம் மாவட்டத்து ஆதிச்சநல்லூர்ப் பரம்பு, 114 ஏக்கர். மண்ணுக்குள் முதுமக்கள் தாழிகள்.

1876-இல் ஜெர்மானியரான ஜாகோர் தோண்டினார். பொருட்கள் பெர்லின் போயின. பிறகு வந்த அலெக்சாண்டர் ரியா எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. வெண்கல எருமை, ஆடு, சேவல், புலி! வெள்ளீயம் கூடுதலாகக் கலந்த வெண்கலமும் அங்கே உண்டு. சூட்டுப் பதம் தப்பினால் விரிசல் விட்டுவிடும் என்பது பொறியியல் படித்த நமக்குத் தெரியும்.

2004-இல் தொடங்கிய அகழாய்வில் ஒரு பானை ஓடு கிடைத்தது. அதில் பெண், நெற்கதிர், கொக்கு, மான், முதலை.

எருமை என்றதும் எமன் வாகனம்னு சொல்லிடுறோம். அது நாம் இன்று பூசுகிற அர்த்தம். தொழுவத்து எருமை, கூரைச் சேவல், ஆற்று முதலை என்று, வாழ்ந்த வாழ்க்கையையே கூட அனுப்பினார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மாணவச் செல்வங்களே, 2023-இல் அங்கேயே அருங்காட்சியகம் திறந்தாச்சு. குழிக்குள் இருக்கும் தாழிகளைக் கண்ணாடி வழியே பார்க்கலாம். போய்ப் பாருங்க. ஆனால் காலில் தட்டுகிற ஓட்டைப் பையில் போட்டுக்காதீங்க. எந்தத் தாழியருகே, எந்த ஆழத்தில் கிடந்தது என்பதுதான் அதன் பேச்சு. இடம் மாறினால் அது ஊமை.