மாட்டுக்கு ஒரு நாள் இருக்கு... அம்மாவுக்கு?

(பட்டிமன்றத் தலைப்பு: பண்டிகைக் காலம் குடும்பத்துக்குத் தருவது மகிழ்ச்சியே! அலுப்பே! ‘அலுப்பே’ என்ற அணியில் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! என் அணித் தலைவி அவர்களே! எதிரே புதுச்சட்டை போட்டுக்கொண்டு ‘மகிழ்ச்சியே’ என்று பேச வந்திருக்கிற அண்ணன்மார்களே! வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே! உட்கார்வதையே வேலையாகக் கொண்ட பெரியோர்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னால பேசின அண்ணன் ரொம்ப அழகாச் சொன்னார். “பண்டிகை வந்தா வீடே மணக்குதுங்க. ஒரு பக்கம் நெய் மணக்குது, ஒரு பக்கம் ஏலக்காய் மணக்குது”ன்னார். உண்மைதான் அண்ணே. கூடத்துல உட்கார்ந்திருந்தா அதுக்குப் பேரு மணம். அடுப்படிக்குள்ள நாலு மணி நேரம் நின்னுக்கிட்டிருந்தா அதுக்குப் பேரு புகை! (கைதட்டல்)

“தை பிறந்தால் வழி பிறக்கும்”னும் சொன்னார். எங்களுக்கும் பிறக்குதுங்க. அந்த ‘ழ’வை மட்டும் கொஞ்சம் மாத்திக்கணும். தை பிறந்தால் வலி பிறக்குது. இடுப்பு வலி!

நடுவர் அவர்களே, நான் வாக்கப்பட்ட ஊர் குச்சனூர். தேனி மாவட்டம், கம்பம் பள்ளத்தாக்கு, சின்னமனூருக்குப் பக்கம். சுரபி நதிக் கரையில சுயம்பு சனீஸ்வர பகவான் கோயில் கொண்டிருக்கிற ஊரு. மத்த ஊர்க் கோயில்கள்ல அவர் நவக்கிரகத்துல ஒருத்தரா நிப்பார். எங்க ஊர்ல அவர்தான் மூலவர். எங்களைக் கட்டிக் கொடுக்கும்போது எங்க அப்பா சொன்னார்: “தாயி, சாமிக்குப் பக்கத்துலயே இருக்கப் போறே. உனக்கு ஏழரையே கிடையாது.” சாமி ஒண்ணும் பண்ணலைங்க. அவர் நல்லவர். சாமியைப் பாக்க வர்ற சொந்தக்காரங்க இருக்காங்க பாருங்க! (சிரிப்பு)

சனிப் பெயர்ச்சி ரெண்டரை வருஷத்துக்கு ஒரு தடவைதான். எங்க வீட்டுக்கு விருந்தாளிப் பெயர்ச்சி ஆடி மாசம் ஒவ்வொரு சனிக்கிழமையும்! ஆடியில நாலு சனிக்கிழமை வரும். சில வருஷம் அஞ்சு வந்துரும். அஞ்சு வந்தா ஊரே ‘விசேஷம், விசேஷம்’னு சொல்லும். நான் காலண்டரைப் பாத்துக் கண்ணீர் விடுவேன்.

விடியக்காலை ஒரு வேன் வந்து நிக்கும். பெரிய மதினி வருவாங்க, சின்ன மதினி வருவாங்க, கொழுந்தனார் மாமனார் வருவார், அவர் பக்கத்து வீட்டுக்காரர் வருவார். ஆத்துல குளிப்பாங்க, எள் தீபம் போடுவாங்க, சாமி கும்பிடுவாங்க. “பதினோரு மணிக்கெல்லாம் வந்துருவோம், சும்மா ஒரு சாம்பார், ரசம், ரெண்டு பொரியல், ஒரு பாயசம், வடை, அவ்வளவு போதும், சிரமப்படாதே”ன்னு சொல்லிட்டுப் போவாங்க. அவங்க சனியைக் கோயில்ல விட்டுட்டுப் போறாங்களோ இல்லையோ, எங்க அடுப்படியில விட்டுட்டுப் போயிடறாங்க! (பலத்த சிரிப்பு)

சமைச்சு முடிச்சதும் முதல் சோறு யாருக்கு? காக்காய்க்கு! அது பகவானோட வாகனம், வைக்கணும், நான் குறை சொல்லலை. அப்புறம் விருந்தாளிக்கு. அப்புறம் வீட்டு ஆம்பிளைகளுக்கு. அப்புறம் புள்ளைகளுக்கு. எல்லாரும் ஏப்பம் விட்ட பிறகு, பாத்திரத்துல ஒட்டியிருக்கிறது எனக்கு. எங்க வீட்டுக்காரர் மொட்டை மாடிக்குப் பத்துத் தடவை ஏறி இறங்குவார். “காக்கா சாப்பிட்டுச்சா? காக்கா சாப்பிட்டுச்சா?” ஒரு தடவையாவது அடுப்படிப் பக்கம் திரும்பி “நீ சாப்பிட்டியா”ன்னு கேட்டதில்லைங்க. அடுத்த ஜென்மத்துல குச்சனூர்ல காக்காயாப் பிறக்கணும்னு வேண்டிக்கிட்டிருக்கேன்! (கைதட்டல்)

எங்க பள்ளத்தாக்குல பண்டிகைக்குப் பஞ்சமே இல்லை. சித்திரையில வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. ஆடியில குச்சனூர். ஐப்பசியில தீபாவளி, முறுக்கு, அதிரசம், கச்சாயம்னு மூணு நாள் எண்ணெய்ச் சட்டி முன்னால தவம். தையில பொங்கல். ஒரு பொண்ணுக்கு வாழ்க்கையில கிடைக்கிற ஒரே லீவு எது தெரியுமா? தலை ஆடிக்கு அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்களே, அது ஒண்ணுதான். அதுவும் ஒரு வருஷத்தோட சரி!

எதிரணி அண்ணன் கேக்கலாம்: “உலகத்துலயே நீங்க மட்டும்தான் கஷ்டப்படறீங்களா?” நியாயமான கேள்வி. நானும் அதைத்தான் யோசிச்சேன்.

நம்ம குமுளி மலையில ஏறி அந்தப் பக்கம் இறங்கினா கேரளா. இன்னும் போனா கொச்சி. அங்கே மட்டாஞ்சேரியில யூதர்களோட ஜெப ஆலயம் ஒண்ணு இருக்கு. 1568-ல கட்டினது. தரையெல்லாம் சீன தேசத்து நீலப்பூ ஓடு பதிச்சிருக்கும். அந்தத் தெருவுல தலைமுறை தலைமுறையா மிளகு, ஏலக்காய் வியாபாரம் பண்ணிக்கிட்டு நம்ம மண்ணுல மரியாதையா வாழ்ந்தாங்க. 1948-ல இஸ்ரேல் உண்டான பிறகு பெரும்பாலானவங்க அங்கே போயிட்டாங்க.

அவங்க பண்டிகைகளைப் பத்திக் கேட்டா, நம்ம பெரியம்மா பொண்ணுதானோன்னு தோணுதுங்க. பஸ்கான்னு ஒரு பண்டிகை. அதுக்கு முன்னால வீட்டுல புளிச்ச மாவுப் பண்டம் ஒரு துணுக்குக்கூட இருக்கக்கூடாது. அலமாரியைக் கவுத்து, மூலை முடுக்கெல்லாம் தேய்ச்சு, முதல் நாள் ராத்திரி மெழுகுவத்தியைக் கையில பிடிச்சுக்கிட்டு ரொட்டித் துணுக்கு எங்கேயாவது கிடக்குதான்னு தேடுவாங்க. நம்ம போகிக்கு அக்கா! அப்புறம் ஹனுக்கா. எட்டு நாள் விளக்கு வரிசை, வேண்டிய மட்டும் எண்ணெயில பொரிச்ச பலகாரம். நம்ம தீபாவளிக்குத் தங்கச்சி! ஆக, எந்த மதமா இருந்தாலும் எண்ணெய்ச் சட்டி முன்னால நிக்கிறவ முகம் மட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். (கைதட்டல்)

ஆனா நடுவர் அவர்களே, அவங்ககிட்ட ஒரு விஷயம் இருக்கு. அதைக் கேட்டதும் நான் அசந்து போயிட்டேன். அவங்களுக்கும் விசேஷமான நாள் சனிக்கிழமை! நமக்குச் சனீஸ்வரன் கிழமை, அவங்களுக்கு ஓய்வுநாள். வெள்ளிக்கிழமை சூரியன் மறைஞ்சா, சனிக்கிழமை ராத்திரி நட்சத்திரம் தெரியற வரைக்கும் அடுப்பு பத்த வைக்கக் கூடாது. சமைக்கக் கூடாது. வேதக் கட்டளை! வெள்ளிக்கிழமை பகல்ல எல்லாத்தையும் ஆக்கி வச்சிடணும். சும்மா சொல்லக் கூடாது, அந்த வெள்ளிக்கிழமை அங்கேயும் ஓடறது பொம்பளைதான். ஆனா பொழுது சாஞ்சதுன்னா “ஒரு காபி போடு”ன்னு சொல்ல முடியாது. சாமியே தடுத்து வச்சிருக்கார்!

அந்தக் கட்டளையில யார் யாருக்கெல்லாம் ஓய்வுன்னு பட்டியலே இருக்கு. நீ, உன் மகன், உன் மகள், வேலைக்காரன், வேலைக்காரி, உன் மாடு, கழுதை, உன் ஊருக்கு வந்திருக்கிற அந்நியன்... எல்லாருக்கும் ஓய்வு. நான் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை படிச்சுப் பாத்தேன். பொண்டாட்டியைத் தனியாச் சொல்லவே இல்லைங்க! (பலத்த சிரிப்பு) “நீ”ங்கறதுலயே மனைவியும் அடக்கம்னு விளக்கம் சொல்றாங்க. நம்ம வீட்டுலயும் அப்படித்தானே? “நாங்க பண்டிகையை ஜோராக் கொண்டாடினோம்”னு வீட்டுக்காரர் சொல்றார் பாருங்க, அந்த ‘நாங்க’வுக்குள்ள நாங்களும் அடக்கம்!

மாட்டுக்கு ஓய்வுன்னதும் ஞாபகம் வருது. நமக்கும் மாட்டுப் பொங்கல் இருக்கு. அன்னிக்கு ஏர் பூட்ட மாட்டோம், வண்டி கட்ட மாட்டோம். குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடிச்சு, மாலை போட்டு, பொங்கல் ஊட்டி, கையெடுத்துக் கும்பிடுவோம். வருஷமெல்லாம் உழைச்சதுக்கு நன்றி. நல்ல பண்பாடு.

எங்க பகுதியில இன்னொரு பொங்கலும் உண்டு. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி 1895-ல எங்க மண்ணுக்குத் தண்ணி கொண்டு வந்தாரே பென்னிகுயிக், அவருக்கு! ஜனவரி 15 அவர் பிறந்தநாள். கடல் தாண்டி வந்த ஒரு மனுசனுக்கு இன்னிக்கும் பொங்கல் வச்சு நன்றி சொல்ற ஊருங்க எங்க ஊரு. பள்ளத்தாக்குக்குத் தண்ணி கொண்டு வந்தவருக்குப் பொங்கல் வைக்கிறோம். தினமும் குழாயடியில இருந்து வீட்டுக்குத் தண்ணி கொண்டு வர்றவளுக்கு? அந்தப் பொங்கலையும் அவளே வச்சுக்க வேண்டியிருக்கு! (நீண்ட கைதட்டல்)

இதுவரைக்கும் சிரிச்சோம். ஒரே ஒரு நிமிஷம், எங்க அம்மாவைப் பத்திச் சொல்லிடறேன்.

நான் ஏழாவது படிக்கையில ஒரு தீபாவளி. மூணு நாளா அம்மா தூங்கலை. விடியக்காலை எல்லாருக்கும் எண்ணெய் தேய்ச்சுவிட்டாங்க, வெந்நீர் விளாவிக் கொடுத்தாங்க, இட்லி ஊத்தினாங்க, கறி ஆக்கினாங்க. நாங்க வெடி போட்டோம், படம் பாத்தோம். சாயங்காலம் ஆறு மணி இருக்கும். அப்பா சாமிக்கு விளக்கு வைக்கலாம்னு போனவர் அப்படியே நின்னுட்டார். சாமி படத்துக்கு முன்னால அம்மாவோட புதுச்சேலை, மூலையில மஞ்சள் வச்சபடி, மடிப்புக் கலையாம இருக்கு. அம்மா அடுப்படியில, கரிபிடிச்ச பழைய சேலையோட, சுவத்துல சாஞ்சபடி தூங்கறாங்க. கையில கரண்டி.

அப்பா எழுப்பலை. கரண்டியை மெதுவா வாங்கி வச்சார். எங்களைப் பாத்து, “இன்னிக்கு நம்ம அத்தனை பேரும் தீபாவளி கொண்டாடிட்டோம்டா. இவளுக்கு இன்னும் விடியவே இல்லை”ன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

அடுத்த வருஷம் வடை சுட்டது எங்க அப்பா! ஓட்டை நடுவுல வரலை, ஓரத்துல வந்துச்சு. உப்பு அங்கங்கே வந்துச்சு. ஆனா அன்னிக்கு எங்க அம்மா காலையிலயே புதுச்சேலை கட்டி வாசல்ல நின்னாங்க. அந்த வடையை விட ருசியான வடையை நான் இன்னிக்கு வரைக்கும் சாப்பிட்டதில்லை. (கைதட்டல்)

முடிச்சுக்கிறேன் நடுவர் அவர்களே, மணிக்குக் கை போகுது. எங்க குச்சனூர்த் தல புராணம் என்ன சொல்லுது? தினகரன்னு ஒரு ராஜா. அவருக்கு ஏழரைச் சனி பிடிச்சது. வளர்ப்பு மகன் சந்திரவதனன் சனீஸ்வரன்கிட்ட போய், “எங்க அப்பா படற கஷ்டத்தை எனக்குக் கொடு, நான் தாங்கிக்கிறேன்”னு அழுதான். பகவான் மனம் இரங்கி, ஏழரை வருஷத்தை ஏழரை நாழிகையாக் குறைச்சார். ஒரு நாழிகை 24 நிமிஷம். ஏழரை நாழிகைன்னா கணக்குப் போடுங்க, சரியா மூணு மணி நேரம்!

“உன் பாரத்தை நான் வாங்கிக்கிறேன்”னு வீட்டுல ஒருத்தர் சொன்னா, ஏழரை வருஷம்கூட மூணு மணி நேரமாகும்னு எங்க சாமியே காட்டியிருக்கார். ஒரு ஆள் தேங்காய் துருவட்டும், ஒரு ஆள் இலை போடட்டும், ஒரு ஆள் பாத்திரம் தேய்க்கட்டும். பண்டிகைச் சமையல் மூணு மணி நேரத்துல முடியும். மிச்ச நேரம் அவளும் புதுச்சேலை கட்டி வாசல்ல நிப்பா. அன்னிக்கு நானே எதிரணிக்குப் போய் ‘மகிழ்ச்சியே’ன்னு பேசறேன்.

அதுவரைக்கும், எல்லாரும் கொண்டாட ஒருத்தி மட்டும் உழைக்கிற வரைக்கும், பண்டிகைக் காலம் தருவது அலுப்பே! பெரியோர்களே, அடுத்த சனிக்கிழமை காக்காய்க்குச் சோறு வைங்க. வச்சிட்டு இறங்கி வரும்போது அடுப்படியை ஒரு தடவை எட்டிப் பாத்து “நீ சாப்பிட்டியா”ன்னு கேளுங்க. காக்காகூடத் தன் கூட்டத்தைக் கூப்பிட்டுத்தாங்க சாப்பிடுது!

நல்ல தீர்ப்பை வேண்டி விடைபெறுகிறேன். (நீண்ட கைதட்டல்)